தண்டவாளம் அறுந்தால் பஸ் வர வேண்டும்

(டாக்குரியாவில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் நம் சங்கத்தின் சார்பில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேசப்போவது கூலி உயர்வைப் பற்றி அல்ல, ரேஷன் கார்டைப் பற்றியும் அல்ல. ஊருக்குப் போகிற வழியைப் பற்றி. கல்கத்தாவில் பிழைக்கும் நமக்கு அந்த வழி கரக்பூர், பாலசோர், பத்ரக், கட்டக், புவனேஸ்வர், விஜயவாடா என்று போகிற ரயில் பாதைதான். 1977-இல் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியதிலிருந்து நம் வீட்டுக் கல்யாணமும் கருமாதியும் அந்த வண்டியை நம்பியே நடந்து வருகின்றன.

2023 ஜூன் 2-ஆம் நாள் மாலை அந்தப் பாதை அறுந்தது. ஷாலிமாரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட கோரமண்டல், பாலசோர் மாவட்டம் பாஹாநகா பஜார் நிலையத்தில் லூப் லைனுக்குள் திரும்பி, அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. பெங்களூரிலிருந்து ஹவுராவுக்கு வந்துகொண்டிருந்த இன்னொரு ரயிலும் அதில் சிக்கியது. 290 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆயிரம் பேருக்கு மேல் காயம்.

மாண்டவர்களில் பலர் யார்? முன்பதிவில்லாப் பெட்டிகளில் சென்னைக்கும் கேரளத்துக்கும் கூலி வேலைக்குப் புறப்பட்ட வங்காள, பீகார் ஏழைகள். நாம் பிழைக்க இங்கே வந்தோம்; அவர்கள் பிழைக்க நம் ஊருக்குப் புறப்பட்டார்கள். வண்டி ஒன்றுதான், வயிறும் ஒன்றுதான். அந்தப் பெட்டிகளில் ஏறியவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் கிடையாது. அடையாளம் தெரியாமலே இருந்த 28 உடல்களை நான்கு மாதங்கள் கழித்து, அக்டோபரில், புவனேஸ்வர் மாநகராட்சி தகனம் செய்தது.

உதவி வந்தது, உண்மை

அன்று மனிதர்கள் கைவிடவில்லை. பாஹாநகா கிராமத்து மக்கள்தான் முதலில் ஓடிவந்து பெட்டிகளுக்குள் கைவிட்டு ஆட்களை இழுத்தார்கள். பாலசோர் ஆஸ்பத்திரியில் இரவோடு இரவாக இரத்தம் கொடுக்க இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள். மேற்கு வங்க அரசு பஸ்களையும் ஆம்புலன்சுகளையும் அனுப்பியது. பத்ரக்கிலிருந்து புறப்பட்ட சிறப்பு ரயில் ஜூன் 4 அதிகாலையில் சென்னை போய்ச் சேர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து அமைச்சர்களும் அதிகாரிகளும் ஒடிசாவுக்கு வந்தார்கள். ரயில் நின்றுபோன வழியில் மக்களை ஏற்றிச் செல்ல, பூரி, புவனேஸ்வர், கட்டக் ஆகிய ஊர்களிலிருந்து கல்கத்தாவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 பஸ்களை இலவசமாக விடுவதாக ஒடிசா அரசு அறிவித்தது. செலவு முதலமைச்சர் நிவாரண நிதியிலிருந்து. ரயில்வேத் தொழிலாளர்கள் 51 மணி நேரத்தில் பாதையைச் சீராக்கினார்கள். இவர்கள் எல்லோருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

எது போதவில்லை?

அந்த இலவச பஸ் அறிவிப்பு வந்தது ஜூன் 4-ஆம் தேதி; விபத்து நடந்து இரண்டு நாள் ஆன பிறகு. கைக்குழந்தையோடு நடுவழியில் நிற்கிற தாய்க்கு இரண்டு நாள் என்பது என்ன? ஜூன் 3 அன்று, விபத்தில் தப்பியவர்களை ஏற்றிவந்த ஒரு பஸ் மேதினிபூர் பக்கம் வேனுடன் மோதி, சிலர் மறுபடியும் காயப்பட்டார்கள். இப்படி அவசரத்துக்கு ஓடும் பஸ்ஸில் மாற்று டிரைவர் உண்டா? டிரைவருக்கு ஏதாவது ஆனால் அவர் குடும்பத்துக்கு யார் பொறுப்பு? இவற்றையெல்லாம் விபத்து நடந்த இரவில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது.

சட்டத்தில் இடமில்லையா? இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 65-ஆம் பிரிவு, வாகனங்களை எடுத்துக்கொள்ள அதிகாரம் தருகிறது. அடுத்த பிரிவு அதற்கு ஈடு கொடுக்கச் சொல்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 88-ஆம் பிரிவின்படி, ஒரு மாநிலத்துப் பஸ் அடுத்த மாநிலத்தில் ஓட மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். வியாபாரத்துக்கு ஒப்பந்தம் போடுகிறவர்கள் ஆபத்துக்கும் ஒன்று போட்டால் என்ன குறைந்துவிடும்?

ஜப்பானைப் பாருங்கள். அங்கே ஒரு ரயில் கம்பெனியின் பாதை நின்றுபோனால், அந்தக் கம்பெனியின் டிக்கெட்டோ பாஸோ வைத்திருப்பவர் அடுத்த கம்பெனியின் ரயிலில் மேற்கொண்டு காசு கொடுக்காமல் ஏறலாம். கணக்கைக் கம்பெனிகள் பிறகு தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளும். பிரயாணியின் தலையில் அந்தக் கணக்கைக் கட்டுவதில்லை.

தூர தேசம் வேண்டாம், நம் டாக்குரியா ஸ்டேஷனுக்கே வருவோம். 2020 மார்ச்சில் நின்ற லோக்கல் ரயில் நவம்பர் 11 வரை ஓடவில்லை. நோய்க்காக நிறுத்தியதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் வேலைகள் திறந்த பிறகும் ரயில் திறக்கவில்லையே! கானிங், பாருய்பூர் பக்கமிருந்து மாத சீசன் டிக்கெட்டில் வந்து இங்கே வீட்டு வேலை செய்யும் பெண்கள் என்ன செய்தார்கள்? பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் கொடுக்கக் கூலியில் பாதி போனது. கொடுக்க முடியாதவர்களுக்கு வேலையே போனது. ரயில் ஒரு சர்க்காருடையது, பஸ் இன்னொரு சர்க்காருடையது என்றால், நடுவில் நிற்கிற ஏழை யாருடையவர்?

நம் கோரிக்கைகள்

ஒன்று: ரயில்வேயும், வங்காளம், ஒடிசா, ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய நான்கு மாநிலப் போக்குவரத்துக் கழகங்களும் முன்கூட்டியே எழுத்தில் ஒப்பந்தம் செய்ய வேண்டும். எந்த டிப்போவிலிருந்து எத்தனை பஸ், எத்தனை மணி நேரத்துக்குள், யார் செலவில் என்பது அதில் இருக்க வேண்டும்.

இரண்டு: பாதை அறுந்தால் ரயில் டிக்கெட்டே பஸ் டிக்கெட்டாகச் செல்ல வேண்டும். லோக்கல் சீசன் டிக்கெட்டுக்கும் இது பொருந்த வேண்டும்.

மூன்று: அவசர வேலைக்குப் போகும் டிரைவர், கண்டக்டர் தோழர்களுக்கு மாற்று ஆள், ஓவர்டைம், இன்சூரன்ஸ் உறுதி செய்ய வேண்டும்.

நான்கு: பஸ்ஸில் ஏறும் ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, ஹவுரா, ஷாலிமார், சென்னை சென்ட்ரல் நிலையங்களில் ஒட்ட வேண்டும். உதவி மேஜையில் வங்காளம், ஒடியா, தெலுங்கு, தமிழ் தெரிந்தவர்கள் உட்கார வேண்டும்.

இந்த நான்கும் எழுதிய மனு மேஜையில் இருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் போடுங்கள், மற்றவர்கள் கைநாட்டு வையுங்கள். ஒரு படிவத்தை எடுத்துப்போய் பக்கத்து வீட்டு வங்காளித் தோழரிடமும் கையெழுத்து வாங்கி வாருங்கள். அவர் மகனும் அந்த ரயிலில்தான் சென்னைக்குப் போகிறான்.