மண்ணில் விழுந்த உலோகம்



காஞ்சிபுரம் கோயில்களால் பெயர் பெற்றது. பட்டாலும் பெயர் பெற்றது. இவ்விரண்டையும் பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அவ்வூரைச் சூழ்ந்த மண்ணும் நீரும். அவற்றில் வந்து கலக்கும் உலோகங்கள். ஐம்பூதத் தலங்களுள் மண்ணுக்குரிய தலம் காஞ்சி. ஏகாம்பரநாதர் கோயிலில் மூலவர் மணலால் ஆன இலிங்கம். கம்பை ஆற்றங்கரை மணலைக் கூட்டி அம்மையே அதனை அமைத்தாள் என்பது தலபுராணம். மண்ணை இறைவடிவாகவே போற்றிய ஊரை வைத்து மண்ணின் நலத்தைப் பேசுவது பொருத்தமன்றோ?

முதலில் பட்டுச் சேலையின் சரிகையைப் பார்ப்போம். தாமிரம் கலந்த வெள்ளியை மயிரிழைபோல் கம்பியாக நீட்டி, தட்டையாக்கி, பட்டு நூலின்மேல் சுற்றி, அதற்குப் பொன்முலாம் பூசினால் அசல் சரிகை கிடைக்கிறது. பாட்டியின் கூறைப்புடவை பல்லாண்டு பெட்டியில் கிடந்து மடிப்பு மடிப்பாக இற்றுப்போகிறது. ஆயினும் அதனைத் தேடி வந்து விலைக்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். காரணம் எளிது. பட்டு இற்றாலும் வெள்ளி இறுவதில்லை. சேலையை எரித்து உருக்கினால், அன்று நெசவாளர் தறியில் ஏற்றிய வெள்ளி இன்றும் கைக்கு வருகிறது.

பட்டு என்பது கரி, நீரகம், நைட்ரஜன் முதலிய தனிமங்கள் கூடி அமைந்த சேர்மம். நுண்ணுயிர்கள் அதனைத் தின்று சிதைத்துவிடும். வெள்ளியோ தனிமம். நெருப்பும் நுண்ணுயிரும் அதனை வேறொரு பொருளோடு சேர்க்கலாம், சேர்ந்ததைப் பிரிக்கலாம், அதனை இல்லாமற் செய்ய அவற்றால் இயலாது. சரிகையில் நமக்கு இலாபமாகும் இக்குணமே, மண்ணில் விழும் உலோகத்தில் நமக்குக் கேடாக முடிகிறது. இலைதழை மண்ணில் விழுந்தால் ஓராண்டில் மட்கி எருவாகும். ஈயம், காட்மியம், பாதரசம், குரோமியம் ஆகிய உலோகங்கள் விழுந்தால் எத்தனை தலைமுறை கடந்தாலும் அவை அங்கேயே இருக்கும். அல்லது நீரோடு வேறிடம் போகும். அல்லது பயிரின் வழியே உணவில் ஏறும். எடை மிகுந்த இத்தகைய உலோகங்களைக் கன உலோகங்கள் என்கிறோம்.

இவற்றுள் காஞ்சியின் ஆற்றோடு தொடர்புடையது குரோமியம். 1797ஆம் ஆண்டில் வோக்லான் என்ற பிரெஞ்சு வேதியியலார் இதனைக் கண்டறிந்தார். இதன் சேர்மங்கள் பல வண்ணங்களில் ஒளிர்வதால், வண்ணம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் இதற்குப் பெயர் அமைந்தது. மாணிக்கத்தின் செம்மைக்கும் மரகதத்தின் பசுமைக்கும் காரணம் அக்கற்களில் சிறிதளவு கலந்துள்ள குரோமியமே.

காஞ்சிபுரத்துப் பக்கம் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு, ஒரே நடிகர் இருவேறு வேடம் கட்டுவது தெரியும். குரோமியமும் அப்படித்தான். மண்ணில் அது பெரும்பாலும் இருவகை வடிவில் காணப்படுகிறது. மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம் ஒரு வடிவம். சாதாரண மண்ணில் அது எளிதில் கரையாது. களிமண்ணிலும் மட்கிலும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் மற்றொரு வடிவம். அது நீரில் நன்றாகக் கரையும். மஞ்சள் நிறம் காட்டும். நிலத்தடி நீரோடு நெடுந்தூரம் செல்லும். மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்க வல்லது. பொருள் ஒன்றே, வடிவம் மாறினால் தன்மை மாறுகிறது.

குடிநீரில் ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் குரோமியத்துக்கு மேல் இருத்தல் ஆகாது என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரையறுத்துள்ளது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு கிராம் குரோமியம் 20,000 லிட்டர் நீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். பெரிய தண்ணீர் லாரிகள் இரண்டை நிரப்பும் நீர் அது.

இனிப் பாலாற்றைப் பார்ப்போம். கர்நாடகத்தில் தோன்றி, ஆந்திரத்தின் ஒரு மூலையைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை வழியாக ஓடி, காஞ்சிபுரத்துக்குத் தெற்கே சென்று, கல்பாக்கத்தை அடுத்த வாயலூரில் கடலோடு கலக்கிறது பாலாறு. இதன் நீளம் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டுக்குள் உள்ளது. ஆண்டில் பெரும்பகுதி மேலே மணல்தான் தெரியும். நீர் அடியில் இருக்கும். மணலைச் சிறிது தோண்டினால் ஊற்றெடுக்கும். அந்த ஊற்று நீரை நம்பியே கரையோர ஊர்கள் வாழ்ந்தன. காஞ்சிபுரத்துக்கும் பாலாற்றுப் படுகையிலிருந்து குடிநீர் வருகிறது. காஞ்சிப் பட்டின் பளபளப்புக்குப் பாலாற்று நீரே காரணம் என்று சொல்லும் மரபும் உண்டு.

இந்த ஆற்றின் மேற்பகுதியில் தோல் பதனிடும் தொழில் தழைத்தது. தோலை அழுகாமல் காக்கப் பயன்படுவது குரோமியச் சல்பேட்டு. அது மூன்று இணைதிறன் வகையைச் சேர்ந்தது. பதனிடும்போது குரோமியம் முழுவதையும் தோல் ஏற்பதில்லை. கணிசமான பகுதி கழிவுநீரில் நின்றுவிடுகிறது. அதனோடு, தோலைக் கெடாமல் வைக்கத் தூவிய உப்பும் சேர்கிறது. இத்தகைய கழிவுநீர் பல ஆண்டுகள் நிலத்திலும் ஆற்றிலும் விடப்பட்டது. கிணறுகள் உவர்த்தன, வயல்கள் விளைச்சல் இழந்தன.

1991ஆம் ஆண்டில் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பு வந்தது. தோல் பதனிடும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிரிடத் தகாததாகிவிட்டது என்ற ஆய்வு முடிவை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. தொழிற்சாலைகள் இருந்த ஐந்து மாவட்டங்கள் அதில் பேசப்பட்டன. அன்று காஞ்சிபுரத்தைத் தலைநகராகக் கொண்டிருந்த செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் அவற்றுள் ஒன்று. தொழில் பலருக்கு வேலையும் நாட்டுக்கு அந்நியச் செலாவணியும் தருகிறது என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆயினும் மண்ணையும் நீரையும் கெடுக்கும் உரிமை அதற்கு இல்லை என்றது. கேடு வருமுன் காப்பது கடமை. கெடுத்தவரே சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்னும் இரு நெறிகள் அன்று நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாயின. 2025 சனவரி 30ஆம் நாள், பாலாற்று வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் அவற்றை மீண்டும் வலியுறுத்த வேண்டியதாயிற்று. தீர்ப்புக்கும் தீர்வுக்கும் இடையே எத்தனை ஆண்டுகள் கழிந்தன, பாருங்கள்!

இதனினும் கடுமையான நிலை இராணிப்பேட்டையில் உள்ளது. அங்கே குரோமேட்டுகளைச் செய்துவந்த ஓர் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு அங்கே மலைபோல் விட்டுச்செல்லப்பட்டது. அதில் இருப்பது ஆறு இணைதிறன் வகை. மழை பெய்தால் மஞ்சள் நீராகக் கசியும். 2006ஆம் ஆண்டில் நியூயார்க்கைச் சேர்ந்த பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகில் மிகவும் மாசுபட்ட பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது இராணிப்பேட்டையும் அதில் இடம்பெற்றது. அங்கிருந்து காஞ்சிபுரம் நேர்கோட்டில் சுமார் 40 கிலோமீட்டர். ஆற்றுக்கு மேலூர், கீழூர் என்ற வேறுபாடு இல்லை. மேலே இருப்பவர் கழுவி விட்டது கீழே இருப்பவரை நோக்கியே நகரும்.

காஞ்சிபுரத்தார் மற்றவரை மட்டும் குறை சொல்வதும் முறையாகாது. பட்டுக்குச் சாயம் ஏற்றிய நீர் வேகவதி ஆற்றை மாசுபடுத்தியது. சிலவகைச் சாயங்களின் மூலக்கூறுகளிலேயே குரோமியமோ தாமிரமோ பிணைந்திருக்கும். அந்த வேகவதியும் பாலாற்றில்தான் சேருகிறது.

இந்நோய்க்கு மருந்து உண்டா? ஒரு மருந்தை அறிவியல் மிக நுண்ணிய உலகத்தில் தேடுகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். ஒன்று முதல் நூறு நானோமீட்டர் அளவுள்ள துகள்களை நானோ துகள்கள் என்பர். இந்த அளவில் பொருளின் குணமே மாறும். மஞ்சளான பொன், நீரில் நானோ துகள்களாக மிதந்தால் செந்நிறம் காட்டும். 1857ஆம் ஆண்டிலேயே மைக்கேல் பாரடே இதனை ஆராய்ந்தார்.

ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள இரும்புக் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுரச் சென்டிமீட்டர். அதனைப் பத்து நானோமீட்டர்க் கனசதுரங்களாக வெட்டிவிட்டால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர் ஆகும். சர்க்கரைக் கட்டி அளவு இரும்பில் இரண்டரை கிரவுண்டு மனைக்கும் மேலான பரப்பு! வேதிவினை நிகழ்வது பரப்பில்; ஆதலால் அத்துகள்கள் வெகு விரைவாகச் செயல்படும். இரும்பு துருப்பிடிக்கும்போது எலெக்ட்ரான்களைக் கொடுக்கிறது. ஆறு இணைதிறன் குரோமியம் அவற்றை ஏற்று, மூன்று இணைதிறன் குரோமியமாக மாறி, துருவோடு சேர்ந்து படிந்துவிடுகிறது. ஓடிய நஞ்சு ஓரிடத்தில் அடங்குகிறது. குடிநீரைத் தூய்மையாக்கவும் நானோ பொருள்கள் உதவுகின்றன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் பிரதீப்பும் அவர் குழுவினரும் பூச்சிமருந்து எச்சத்தையும் ஆர்சனிக்கையும் நீக்கும் வடிகட்டிகளை உருவாக்கியுள்ளனர்.

ஆனால் இதனைச் சர்வரோக நிவாரணியாகக் கருதிவிடக் கூடாது. நானோ இரும்பு மண்ணில் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, நெடுந்தூரம் செல்லாமல் நின்றுவிடும். விரைவில் துருப்பிடித்து ஆற்றல் இழக்கும். நானோ துகள்களே மண்ணின் நுண்ணுயிர்களைத் தாக்கவும் கூடும். சேலைச் சரிகையில் சாதுவாக இருக்கும் வெள்ளி, நானோ துகளானால் கிருமிக்கொல்லி. தீய கிருமி, நல்ல கிருமி என்று அது பார்ப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, குரோமியம் மண்ணை விட்டுப் போகவில்லை. வேடத்தை மாற்றிக்கொண்டு அங்கேயே இருக்கிறது. மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடுகள் அதன் ஒரு பகுதிக்குப் பழைய வேடத்தை மீண்டும் அணிவித்துவிடலாம்.

சிறந்த வழி, உலோகத்தை மண்ணில் விழவிடாமல் பிடித்துக்கொள்வதே. அதுவும் இயலாத செயலன்று. கழிவுநீரில் காரம் சேர்த்தால் குரோமியம் படிந்துவிடும். அப்படிவை அமிலத்தில் கரைத்து மீண்டும் தோலுக்கே பயன்படுத்தலாம். 1948ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இத்தகைய முறைகளையும், தோல் குரோமியத்தை மேலும் நன்றாக ஏற்கும் முறைகளையும் வகுத்துத் தந்துள்ளது. விளைநிலத்தில் தொழுஉரமும் மட்கும் இடுவதும் நன்று. அவை ஆறு இணைதிறன் குரோமியத்தின் கொடுமையைத் தணிக்கின்றன.

மாணவ நண்பர்களே! பழஞ்சேலையிலுள்ள வெள்ளியை எவரும் சாக்கடையில் எறிவதில்லை. அதற்கு விலை உண்டு என்று அறிவோம். குரோமியமும் வெள்ளியைப் போலவே அழியாப் பொருள்தான். மலிவானது என்பதால் அதனை எறிந்தோம். எறிந்தவர் கணக்கில் அதன் விலை சிறிது. கிணற்றை இழந்த உழவர் கணக்கிலோ மிகப் பெரிது. நாளை உங்களுள் சிலர் வேதியியலார் ஆவீர்கள். சிலர் ஆலை நடத்துவீர்கள். சிலர் ஆட்சிப் பொறுப்பை ஏற்பீர்கள். அப்போது எந்தப் பொருளைக் கையாண்டாலும், "வேலை முடிந்தபின் இது எங்கே போகும்?" என்று முதலில் கேளுங்கள். அதற்கு விடை கிடைத்த பின்னரே வேலையைத் தொடங்குங்கள்.