மங்கம்மாள் மாறினாளா?

(நமது குடியிருப்பில் நடந்த குழந்தைகள் தின விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கும் நம் பிள்ளைகளுடன் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் கதை படித்து வருகிறேன். நான் தமிழாசிரியர் இல்லை, பி.காம். படித்து வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். அதனால் எனக்குத் தெரிந்த வழியில்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

எந்தக் கதையைப் படித்தாலும் பிள்ளைகள் முதலில் சொல்வது, "இவர் நல்லவர், அவர் கெட்டவர்" என்பதுதான். அதோடு முடித்துவிடுவார்கள். நான் நோட்டில் மூன்று கட்டம் போடச் சொன்னேன். கதை தொடங்கும்போது அந்த ஆள் எப்படி இருந்தார்? அது தொடக்க இருப்பு. நடுவில் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார்? அது வரவு செலவு. முடியும்போது எப்படி இருக்கிறார்? அது இறுதி இருப்பு. ஒரே ஒரு விதிதான்: வவுச்சர் இல்லாமல் என்ட்ரி கூடாது. "மனம் மாறினாள்" என்று எழுதினால், எந்த இடத்தில் என்று கதையிலிருந்து காட்ட வேண்டும்.

முதலில் எடுத்தது கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்'. இடைசெவல்காரர், 1970-இல் அவர் காலமான பிறகு 'அன்பளிப்பு' தொகுப்புக்குச் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. பணக்கார வீட்டுப் பையனோடு ஏழை வீட்டுப் பிள்ளைகள் போட்டிபோட்டுப் பெருமை பேசுகிறார்கள். தீபாவளி நேரத்தில் ராஜா என்ற அநாதைச் சிறுவன் வந்து சேர்கிறான். அவர்கள் அம்மா அவனைக் குளிப்பாட்டி, தன் வீட்டுக்காரருக்காக வாங்கி வைத்த புதுத் துண்டைத் தயக்கத்துக்குப் பிறகு கொடுக்கிறாள். தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாகச் சிறுமி மங்கம்மாள் கடைசியில் சொல்கிறாள்.

மங்கம்மாள் மாறினாளா என்று கேட்டேன். பெரிய சண்டை! "மாறவே இல்லை தாத்தா, அப்பவும் பெருமைதான் அடிக்கிறா" என்றான் ஒருவன். ஏழாவது படிக்கும் பெண் யோசித்துவிட்டு, "பெருமை அப்படியே இருக்கு. ஆனா முன்னாடி பொருளை வச்சு, இப்போ வந்த பையனை வச்சு" என்றாள். இரண்டுக்கும் கதையில் வவுச்சர் இருந்தது. இரண்டையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

இதில் நமக்கும் ஒரு சங்கதி உண்டு. பார்க்கிங்கில் பந்து விளையாடி என் வண்டிக் கண்ணாடியை உடைத்த பையனை ஒரு வருடமாக 'வாலு' என்றே கூப்பிட்டு வந்தேன். "மாறவே இல்லை" என்று முதலில் வாதாடியவன் அவன்தான். வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து, "என் பேர்ல இன்னும் தொடக்க இருப்பே வச்சிருக்கீங்களா தாத்தா?" என்றான். என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். புத்தகத் திருவிழாவில் வாங்கிய கதைப் புத்தகம் அலமாரியில் இருக்கும். எடுத்து ஒரு கதையைப் பிள்ளையோடு சேர்ந்து படியுங்கள். நீதி என்ன என்று கேட்காதீர்கள். யார் மாறினார், எந்த இடத்தில் என்று கேளுங்கள்.