ஆபரேஷன் முடிந்து ஒன்பதாவது வருடம்

(பொதுக்குழுக் கூட்டத்துக்கு முன் நம் சமுதாயக் கூடத்தில் சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். இணையத்தில் வெளியாவதால், அவர் கேட்டுக்கொண்டபடி பெயர் போடவில்லை.)



உடல்நலப் பேச்சு என்றால் நம் சங்கத்தில் டாக்டரைத்தான் கூப்பிடுவது வழக்கம். நான் டாக்டர் இல்லை. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உங்களில் பழையவர்கள் என்னைக் குண்டாகவும் பார்த்திருக்கிறீர்கள், ஆபரேஷனுக்குப் பிறகு ஒல்லியாகவும் பார்த்திருக்கிறீர்கள். அப்புறம் மறுபடியும் எடை ஏறியதையும் கவனித்திருப்பீர்கள். நல்லவர்கள், என் முகத்துக்கு நேரே அதிகம் பேர் கேட்கவில்லை. அந்த மூன்றாவது கட்டத்தைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இங்கேயே இன்னும் மூன்று பேர் இருப்பது எனக்குத் தெரியும். யார் என்று சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்.

2016ல் எனக்கு ஸ்லீவ் ஆபரேஷன் நடந்தது. அப்போது 116 கிலோ. சர்க்கரை, பிரஷர் இரண்டும் இருந்தன. இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்துவிட்டு, மீதியை ஒரு வாழைப்பழம் மாதிரி குழாயாக்கிவிடுவார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் அந்த எடுத்துவிடும் பகுதியில்தான் சுரக்கிறது. அதனால் முதல் வருடம் பசி என்பதே மறந்துபோயிற்று. ஒன்றரை வருடத்தில் 71 கிலோவுக்கு வந்தேன். சர்க்கரை மாத்திரை நின்றது. தையல்காரர் என் ரவிக்கைகளை இரண்டு தடவை பிடித்துக் கொடுத்தார். அந்தக் காலத்தில் நடைபாதையில் நிறுத்தி வைத்து நான் கொடுத்த இலவச ஆலோசனைகளுக்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

2020ல் ஊரடங்கு. வீட்டில் ஐந்து பேர், நாள் முழுக்க சமையலறை. வருடத்துக்கு இரண்டு மூன்று கிலோ ஏறியது. 75 ஆனபோது 'அடுத்த மாதம் குறைத்துவிடலாம்' என்றேன். 80 ஆனபோது எடை பார்க்கும் மெஷினைப் பரணில் போட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வருடாந்திரப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள், நான் போனை எடுக்கவில்லை. எப்படி எடுப்பது? அவ்வளவு செலவு செய்து, வயிற்றையே வெட்டிக்கொண்டு, அதிலும் தோற்றவள் என்று டாக்டர் நினைப்பாரே என்ற வெட்கம். எடை ஏறியதைவிட இந்த வெட்கம்தான் எனக்கு அதிகக் கெடுதல் செய்தது. ஆஸ்பத்திரியை நிறுத்தியதோடு வைட்டமின் மாத்திரைகளையும் நிறுத்திவிட்டேன்.

2023ல் பாதம் மரத்துப்போக ஆரம்பித்தது. படி ஏறினால் மூச்சு வாங்கியது, முடி கொத்துக் கொத்தாக வந்தது. எடைதான் காரணம் என்று நானே முடிவு கட்டினேன். நம் பக்கத்துத் தெரு டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்தார். பி12 மிகக் குறைவு, ஹீமோகுளோபின் 8.9. எடை அன்றைக்கு 86. "குண்டாக இருந்தால் சத்துக் குறைவு வராது என்று யாரம்மா சொன்னது?" என்று கேட்டு, கையோடு பழைய ஆஸ்பத்திரிக்கே திருப்பி அனுப்பினார்.

அங்கே யாரும் திட்டவில்லை. சர்ஜன் ஒரு விஷயம் சொன்னார், அதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் நான் மூன்று வருடம் ஒளிந்திருக்க மாட்டேன். சுவீடனில் 1987ல் தொடங்கி, எடைக்காக ஆபரேஷன் செய்துகொண்டவர்களைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு ஓரிரு வருடத்தில் சராசரியாக நூற்றுக்கு 32 பங்கு எடை குறைந்தது, பத்தாவது வருடத்தில் அது 25 பங்காக நின்றது. அதாவது கொஞ்சம் திரும்புவது வழக்கம்தான். எடை குறைந்த உடம்பு செலவையும் குறைத்துக்கொள்கிறது, பசியும் மெல்லத் திரும்புகிறது. வழக்கத்தைவிட அதிகமாகத் திரும்பினால் காரணம் தேட வேண்டும். தைராய்டு, ஸ்டீராய்டு, சில மனநல மாத்திரைகள், தூக்கமின்மை என்று பலதும் இருக்கலாம்.

என் காரணம் ஒரு நாற்பது பக்க நோட்டில் கிடைத்தது. வாயில் போடும் எல்லாவற்றையும் ஏழு நாள் எழுதி வரச் சொன்னார் டயட்டீஷியன். நான் ஒரு வேளைகூட நிறையச் சாப்பிடவில்லை, அது உண்மை. ஆனால் பதினோரு மணிக்கு மூன்று முறுக்கு. பேரன் தட்டில் மிஞ்சிய தயிர்சாதம். சர்க்கரை போட்ட காபி நாலு தடவை, ஒவ்வொன்றும் அரை டம்ளர்தான். சாயங்காலம் ஒரு கை மிக்சர், டிவி முன்னால் இன்னொரு கை. முறுக்கு, மிக்சர், பிஸ்கட், ஐஸ்கிரீம் எல்லாம் அந்தச் சின்னக் குழாயில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். முட்டையோ மீனோ பனீரோ சாப்பிட்டால் நிற்கும், போதும் என்று வயிறு சொல்லும். எனக்கு 'அடைக்கிறதே' என்று நான் ஒதுக்கியவைதான் என்னைக் காப்பாற்றக்கூடியவை. சாப்பிடும்போது தண்ணீர் குடித்துத் தள்ளிவிடும் பழக்கமும் திரும்பி வந்திருந்தது.

இப்போது தட்டில் முதலில் புரதம், பிறகு காய், இடமிருந்தால் சோறு. ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். சைவத்தில் அது கஷ்டம்தான், கணக்குப் போட்டால்தான் தெரியும். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான். சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான் தண்ணீர். இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடும் கால்சியத்தோடும் சேர்த்துப் போடக்கூடாது என்பது எனக்கு ஏழு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. நடப்பதோடு வாரம் இரண்டு நாள் ஜிம்மில் பளு தூக்குகிறேன். சிரிக்காதீர்கள், ஐந்து கிலோவும் பளுதான். ஒன்றரை வருடத்தில் 86லிருந்து 79. பாத மரப்பு முக்கால்வாசி போய்விட்டது. 71 திரும்ப வராது என்றுதான் நினைக்கிறேன், அந்தப் புடவைகளை மருமகளிடம் கொடுத்துவிட்டேன்.

புது ஊசிகளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். செமாக்ளூடைடு, டிர்செபடைடு இரண்டும் நம் நாட்டில் கிடைக்கின்றன. ஆபரேஷனுக்குப் பிறகு எடை திரும்பியவர்களுக்கும் டாக்டர்கள் எழுதுகிறார்கள். எனக்கு இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள். உங்களுக்கு வேண்டுமா என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும், நம் வாட்ஸ்அப் குழு சொல்ல வேண்டாம். இரண்டாவது ஆபரேஷனும் அப்படித்தான். எண்டோஸ்கோபி எல்லாம் பார்த்த பிறகு பேச வேண்டிய விஷயம்.

பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு இரண்டு வார்த்தை. மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் நீங்களாக வலி மாத்திரை வாங்காதீர்கள், குடல் புண் வரும். மது சீக்கிரம் ஏறும், பழக்கமாகவும் எளிதில் மாறும். பின்வரிசையில் சிரிப்புக் கேட்கிறது, ஆனால் நிஜமாகவே சொல்கிறேன். பொதுவாக எல்லோருக்கும்: இரண்டு மூன்று நாள் விடாமல் வாந்தி இருந்தாலோ, மலம் கருப்பாகப் போனாலோ, 'கேஸ்' என்று வீட்டில் உட்காராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தொடர்ந்த வாந்தியில் பி1 சத்து இறங்கி நரம்பையே பாதிக்கும்.

இதெல்லாம் தேவைப்படாதவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நவராத்திரி வருகிறது. சுண்டல் தாராளமாகக் கொடுங்கள், புரதம். ஆனால் கேசரியை ஒருவர் போதும் என்றால் 'ஒரு ஸ்பூன்தானே' என்று தட்டில் தள்ளாதீர்கள். அந்த ஒரு ஸ்பூன் எங்கள் நோட்டில் தினமும் நாலு வீட்டிலிருந்து வருகிறது.

பரணில் இருந்த மெஷின் இப்போது குளியலறைக்கு வெளியே இருக்கிறது. வாரம் ஒரு தடவை, திங்கட்கிழமை காலை, அவ்வளவுதான். மூன்று கிலோ ஏறினால் போன் செய்வதாக டயட்டீஷியனிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். போன பொங்கலுக்குப் பிறகு ஒரு தடவை செய்தேன்.

அந்த மூன்று பேரில் யாராவது ஆஸ்பத்திரிப் பக்கம் போய்ப் பல வருடம் ஆகியிருந்தால், எனக்கு அடுத்த பரிசோதனை வருகிற மாதம் இரண்டாவது சனிக்கிழமை. காரில் இடம் இருக்கிறது. வருவதாக இருந்தால் வீட்டுக்கு வந்து சொல்லுங்கள், லிஃப்டில் வேண்டாம்.