நாற்காலி போடுமுன் ஒரு வரைபடம்



திருமணமானாலும், பள்ளிப் பரிசளிப்பு விழாவானாலும், நாற்காலிகளை வாடகைக்கு எடுக்கிறோம். எத்தனை வேண்டும், எங்கே போடுவது என்பதை அன்று காலையில்தான் யோசிக்கிறோம். விளைவு என்ன? சில நாற்காலிகள் வாசலை மறிக்கின்றன. கைத்தடி ஊன்றி வரும் பாட்டி கடைசி வரிசைக்குப் போகிறார். தீப்பிடித்தால், குழந்தைகளோடு வெளியேற வழி இராது.

இதைத் தவிர்க்க, கணினியில் இருக்கை வரைபடம் ஒன்றை வரைந்துகொள்வோம். 'லிப்ரே ஆபிஸ் டிரா' என்னும் மென்பொருள் இதற்குப் போதும். அது இலவசம். ஒருமுறை கணினியில் ஏற்றிவிட்டால் இணையம் இல்லாமலும் இயங்கும்.

முதலில் அளவு நாடாவுடன் மண்டபத்துக்குப் போவோம். அகலம் 40 அடி, நீளம் 60 அடி என்று வைத்துக்கொள்வோம். அதில் மேடைக்கு 12 அடி. கதவுகளையும் தூண்களையும் தாளில் குறித்துக்கொள்வோம்.

அடுத்து, 1 அடிக்கு 4 மில்லிமீட்டர் என்று கணக்கு வைப்போம். மண்டபம் 160க்கு 240 மில்லிமீட்டர் ஆகும். ஏ4 தாளில் நிமிர்த்தி வரைந்தால் அடங்கிவிடும். செவ்வகம் வரைந்து எஃப் 4 விசையை அழுத்தினால், அளவை எண்ணாகவே கொடுக்கலாம்.

ஒரு நாற்காலிக்கு ஒன்றரை அடி அகலம், அதாவது 6 மில்லிமீட்டர், ஒதுக்குவோம். அதற்குள் 5 மில்லிமீட்டரில் சிறு கட்டம் ஒன்று வரைவோம். பிறகு ஷிஃப்ட் விசையோடு எஃப் 3ஐ அழுத்தினால், எத்தனை படிகள், எவ்வளவு தூரத்தில் என்று கணினி கேட்கும். 7 படிகள், பக்கவாட்டில் 6 மில்லிமீட்டர் என்றால், 8 நாற்காலிகள் கொண்ட வரிசை தயார். அதை ஒரு தொகுதியாக இணைத்து, கீழ்நோக்கி 12 மில்லிமீட்டர் தூரத்தில் 11 படிகள் எடுத்தால் 12 வரிசைகள். வரிசைக்கு வரிசை 3 அடி. இந்தப் பகுதியை முழுதாக நகல் எடுத்து மறுபக்கமும் வைப்போம்.

நடுவில் 6 அடி, சுவரோரங்களில் 4 அடி, மேடையின் முன்னும் வாசலருகிலும் 6 அடி வழி விட்ட பிறகும், 192 நாற்காலிகள் கொள்ளும். அதற்கு மேல் வாடகைக்கு எடுத்தால், பணமும் வீண், வழியும் அடைபடும்.

இப்போது முதல் வரிசையில், நடுவழியை ஒட்டி இரண்டு நாற்காலிகளை நீக்குவோம். அந்த 3 அடியில் ஒரு சக்கர நாற்காலி நிற்கும். 190 மிஞ்சும். அருகிலுள்ள இருக்கைகளுக்கு வண்ணமிட்டு, 'முதியோர்' என்று எழுதுவோம். அவர்கள் வரும்போது எவரையும் எழுப்ப வேண்டியதில்லை. எவரிடமும் கேட்டு நிற்க வேண்டியதுமில்லை.

முடிந்ததும் பி.டி.எஃப். கோப்பாக்கி அச்சிடுவோம். ஒன்றை நாற்காலி அடுக்கும் இளைஞரிடம் கொடுப்போம். மற்றொன்றை வாசலில் ஒட்டுவோம்.

பெற்றோர்களே, இந்த வேலையை ஆறாம் ஆண்டுப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். வகுப்பில் படித்த பெருக்கலும் வகுத்தலும் ஊராருக்குப் பயன்படுவதை அந்தப் பிள்ளை தன் கண்ணாலேயே காணும்.