கை கழுவுவதே பொறுப்பு!

(சமுதாய மருத்துவ நிலையத் தொண்டர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



பொறுப்பிலிருந்து நழுவியவனைக் 'கை கழுவி விட்டான்' என்கிறோம். மருத்துவ நிலையத்திலோ கை கழுவுவதுதான் முதல் பொறுப்பு!

வயிற்றுப்போக்கோடு தூக்கி வரப்படும் குழந்தைக்கு மருந்து தருகிறோம். சில நாட்களில் அதே குழந்தை, அதே நோயோடு திரும்பி வருகிறது. ஏன்? குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட கையை வெறும் தண்ணீரில் நனைத்துவிட்டு, அதே கையால் தாய் சோறு ஊட்டுகிறாள். அது அவள் குற்றமா? "சுத்தமாக இருங்கம்மா" என்று சொல்லி அனுப்பினோமே தவிர, யார் அவளுக்குச் செய்து காட்டினோம்?

கராச்சியின் குடிசைப் பகுதிகளில் வாரந்தோறும் வீடு வீடாகச் சென்று, சோப்பும் கொடுத்து, கை கழுவும் முறையையும் கற்றுக் கொடுத்தார்கள். அந்த ஆய்வு 2005இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. மற்ற வீடுகளைவிட அந்த வீடுகளில் 15 வயதுக்குட்பட்டோரிடம் வயிற்றுப்போக்கு 53 சதவீதம் குறைவு. 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் நிமோனியா 50 சதவீதம் குறைவு! கிருமிநாசினி சோப்புக்கும் சாதாரண சோப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எனவே விளம்பரத்தைப் பார்த்து ஏழைத் தாய் விலையுயர்ந்த சோப்பைத் தேட வேண்டியதில்லை.

முதலில் நீங்கள் செய்து காட்டுங்கள். கையை நனைத்து, சோப்புப் போட்டு, உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என 20 விநாடி தேய்த்துக் கழுவுங்கள். பிறகு அவர்களைச் செய்யச் சொல்லுங்கள். தவறினால் திருத்துங்கள், கடிந்து பேசாதீர்கள்.

'ஐவேளை ஒளுச் செய்கிறோமே, போதாதா?' என்று சிலர் கேட்கலாம். நல்ல பழக்கம்தான். ஆனால் ஒளுவின் நேரம் வேறு, ஊட்டும் நேரம் வேறு. கிருமி போக சோப்பும் வேண்டும்.

நோயாளிகளுக்கு மட்டும்தான் பாடம் என்று எண்ணாதீர்கள். 1847இல் வியன்னா பொது மருத்துவமனையில், பிரசவம் பார்ப்போர் குளோரின் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று செம்மல்வைஸ் என்ற மருத்துவர் கட்டாயமாக்கினார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த தாய்மார் மரணம், ஜூனில் 2 ஆகக் குறைந்தது! அதுவரை நோயைச் சுமந்தவை மருத்துவர்களின் கைகளே. ஆகவே நோயாளியைத் தொடுமுன் அவர் கண்ணெதிரே நாம் கழுவுவோம். 'கை கழுவினீர்களா?' என்று நம்மைக் கேட்கும் துணிவையும் அவருக்குக் கொடுப்போம்.

வணிகப் பெருமக்களே! நிலையத்தின் வாசலில் ஒரு குழாய், ஒரு சோப்பு. இது உங்கள் பங்கு. தண்ணீரில்லாத இடத்தில் உபதேசம் எதற்கு? இளைஞர்களே! பக்கத்தில் நின்று கற்றுக் கொடுப்பது உங்கள் பங்கு. அந்தக் குழந்தை மீண்டும் நோயோடு இங்கே வராதிருந்தால், அதுவே நமக்குக் கூலி!