மூன்று கார்டு போதும்

(சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் வேலை, தொழில், மேற்படிப்பு என்று உருப்படியான விஷயங்களைச் சொன்னார்கள். நான் கிட்டாரைப் பற்றிப் பேசப் போகிறேன். செயலாளர் "பத்து நிமிஷம்தான்" என்று சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரிந்ததற்கு அதுவே ஜாஸ்தி.

நான் இங்கே சேர்ந்தது 1984-இல். 'பயணங்கள் முடிவதில்லை' வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. 'இளைய நிலா' பாட்டில் வருகிற கிட்டாரைக் கேட்டு ஹாஸ்டலில் பாதிப் பேருக்குப் பைத்தியம். நானும் ஒரு பழைய கிட்டாரை வாங்கி, முதல் பாடமே அந்தப் பாட்டுதான் என்று உட்கார்ந்தேன். சைக்கிள் பழகாதவன் மலைப்பாதையில் லாரி ஓட்டக் கிளம்பிய கதை. மூன்று வருஷத்தில் எனக்கு வந்தது முதல் நாலு செகண்டுதான்.

என் ரூம் மேட் நன்றாகப் பாடுவான். 1987-இல் பிரிவு உபசார விழா. "டேய், நான் பாடுறேன், நீ சும்மா கூட வாசி" என்று கெஞ்சினான். "இன்னும் சரியா வரலைடா, அப்புறம் பார்க்கலாம்" என்றேன். அவன் மேஜையில் தாளம் தட்டிக்கொண்டு தனியாகவே பாடினான். நான் கை தட்டினேன். கிட்டார் ரூமில் இருந்தது.

அந்த 'அப்புறம்' வரவேயில்லை. 2009-இல் அவன் நம்மை விட்டுப் போய்விட்டான். துக்கத்துக்குப் போய்த் திரும்பிய வாரம், பரணில் கிடந்த கிட்டாரை இறக்கினேன்.

எங்கள் தெருவில் சர்ச் கொயருக்கு வாசிக்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். அவரிடம் போனேன். "தம்பி, முழுசா எத்தனை பாட்டு வாசிப்பீங்க?" என்று கேட்டார். "ஒண்ணும் வராது சார்" என்றேன். "அப்போ ஜி, சி, டி. மூணு மாசத்துக்கு இது மட்டும்தான்" என்றார். எனக்குக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

மூன்று கார்டில் என்ன வந்துவிடும் என்று நீங்களும் கேட்பீர்கள். கணக்குப் பார்ப்போம். கார்டு என்பது சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது. சங்கராபரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கார்டில் ச, க, ப. நாலாவதில் ம, த, ச. ஐந்தாவதில் ப, நி, ரி. எண்ணிப் பாருங்கள், ஏழு ஸ்வரமும் வந்துவிட்டது! அந்த ஸ்வரங்களுக்குள் நடக்கிற எந்த மெட்டுக்கும் இந்த மூன்றில் ஒன்று துணைக்கு நிற்கும். ஜி ஸ்கேலில் அவை ஜி, சி, டி. ஏ ஸ்கேலில் ஏ, டி, ஈ. பாடுகிறவருக்குச் சுருதி உயர வேண்டுமென்றால் இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போவை மாட்டி அதே ஜி, சி, டி-யைப் பிடித்தால் ஏ ஸ்கேல் வந்துவிடும்.

உதாரணம் வேண்டுமா? ஹாங்க் வில்லியம்ஸ் 1952-இல் பாடிய 'ஜம்பலாயா'வுக்கு இரண்டே கார்டு. பென் ஈ. கிங் 1961-இல் பாடிய 'ஸ்டாண்ட் பை மீ'யில் நாலு கார்டு ஒரே வரிசையில் ஆரம்பம் முதல் கடைசி வரை சுற்றி வரும். பாப் டிலனின் 'நாக்கிங் ஆன் ஹெவன்ஸ் டோர்' 1973. அதற்கு ஜி, டி, ஏ மைனர், சி. அவ்வளவுதான். உலகம் முழுக்க இன்றைக்கும் பாடுகிறார்கள்.

சரி, எப்படிப் பழகுவது? கார்டு பிடிப்பது கஷ்டமில்லை, ஒரு வாரத்தில் வந்துவிடும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறோம். அதனால் மாறுவதைத் தனியாகப் பழகுங்கள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷத்தில் ஜி-யிலிருந்து டி-க்கு எத்தனை தடவை போய் வருகிறீர்கள் என்று எண்ணி, நோட்டில் எழுதி வையுங்கள். எனக்கு முதல் நாள் 9. ஒரு மாதத்தில் 40.

பெரியவர் சொன்ன ஒரு சூட்சுமம். மோதிர விரலை இரண்டாவது கம்பியில், மூன்றாவது ஃப்ரெட்டில் வையுங்கள். ஜி-யிலும் அது அங்கேயே இருக்கலாம், டி-யிலும் அங்கேயே. மற்ற விரல்கள் மட்டும் நகர்ந்தால் போதும். சி-க்கும் அதை எடுக்க வேண்டாம். ஒரு ஸ்வரம் கூடுதலாகக் கேட்கும், ஆனால் இனிமையாகவே இருக்கும்.

இன்னொன்று. தப்பு வந்தால் நிறுத்தாதீர்கள். இடது கை தடுமாறினாலும் வலது கை தாளம் போட்டுக்கொண்டே இருக்கட்டும். கூடப் பாடுகிறவர் தவறிய கார்டை மன்னித்துவிடுவார். நின்றுபோன தாளத்தை மன்னிக்க மாட்டார். விரல் நுனி வலிக்கும். தினம் 15 நிமிஷம் வாசித்தால் சில வாரத்தில் தோல் காய்த்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சாக இரண்டு மணி நேரம் வாசித்தால் வலி மட்டும்தான் மிஞ்சும்.

தம்பி தங்கைகளே, கஷ்டமான பாட்டுக்கு ஆசைப்படாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. 'இளைய நிலா'வை நான் இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அது வரட்டும் என்று காத்திருந்ததில், வாசித்திருக்கக்கூடிய நூறு பாட்டை விட்டுவிட்டேன். கூட ஒருத்தன் பாடத் தயாராக இருந்தபோது விட்டுவிட்டேன். உங்கள் ரூமில் பாடுகிறவர் யாராவது இருந்தால், இன்று ராத்திரியே மூன்று கார்டோடு உட்காருங்கள்.

சாயங்காலம் 7 மணிக்கு மெஸ் வாசலில் கிட்டாரோடு இருப்பேன். 1987-இல் அவன் பாடிய பாட்டு எங்கள் செட்டில் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வந்து பாடுங்கள். தப்பு வரும், ஆனால் நிறுத்த மாட்டேன்.