ஊர் நடுவே ஒரு விளையாட்டரங்கம்

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பின் மாலை அமர்வில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே தரப்பட்டுள்ளது.)



செயலாளர் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அதைத் தாண்டினால் பந்தியில் இலை காய்ந்துவிடும் என்றும் எச்சரித்திருக்கிறார். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம்ம ஊர் பஸ் நிலையம் புறநகருக்குப் போய்விட்டது. நகரின் நடுவில் பழைய இடம் காலியாகக் கிடக்கிறது. அங்கே வணிக வளாகம் கட்டலாம் என்கிறார்கள் ஒரு சாரார். பல்நோக்கு உள்விளையாட்டரங்கம் கட்டலாம் என்கிறார்கள் இன்னொரு சாரார். நம் மாணவர்கள் சிலர் என்னிடம் வந்து, "சார், நீங்க கட்டடத் துறையில் இருந்தவர், இந்தக் கல்லூரி வாலிபால் டீமிலும் ஆடினவர், நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்கள். கட்டலாம் என்பதுதான் என் பதில். ஆனால் யாருக்காகக் கட்டுகிறோம் என்பதை அஸ்திவாரம் தோண்டும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நமக்குத் தெரிந்த உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். சென்னை சென்ட்ரலில் இறங்கி நடந்தால் பெரியமேட்டில் ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கம். பக்கத்திலேயே ரிப்பன் மாளிகை, விக்டோரியா மண்டபம். இந்த வட்டாரம் முழுவதும் ஒரு காலத்தில் பீப்பிள்ஸ் பார்க். கவர்னர் டிரவெலியன் காலத்தில், 1859-60 வாக்கில், நகர மக்கள் காற்று வாங்குவதற்காக உண்டாக்கிய பூங்கா. அதற்குள்ளேதான் மிருகக்காட்சி சாலை இருந்தது. 1985-ல் அது வண்டலூருக்குப் போனது. அதே ஆண்டு மே மாதம் பக்கத்திலிருந்த மூர் மார்க்கெட் தீயில் எரிந்தது. பழைய புத்தகம் தேடி அங்கே அலைந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் பலர் இருப்பீர்கள். அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையம்.

அந்தப் பூங்கா நிலத்தில்தான் கார்ப்பரேஷன் ஸ்டேடியமும் வந்தது. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் அங்கேதான் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்கள். மன்கட் 231, ராய் 173. அந்த உலக சாதனையை 2008-ல்தான் தென்னாப்பிரிக்க ஜோடி முறியடித்தது. டெஸ்ட் கிரிக்கெட் பிறகு சேப்பாக்கத்துக்கே திரும்பிப் போனது. 1993-ல் நேரு தங்கக் கோப்பைக் கால்பந்துப் போட்டி வந்தபோது இந்த மைதானம் புதுப்பிறவி எடுத்தது. 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் சென்னையில் நடந்தன. அதற்காக அதே வளாகத்தில் சுமார் 8,000 பேர் உட்காரக்கூடிய உள்ளரங்கமும் எழுந்தது.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், நகரின் நடுவில் இடம் சும்மா கிடைப்பதில்லை. ஒரு பூங்காவையோ, ஒரு சந்தையையோ, ஒரு பஸ் நிலையத்தையோ விட்டுக் கொடுத்துத்தான் கிடைக்கிறது. அந்த இடத்தில் முன்பு டிக்கெட் வாங்காமலே எல்லோரும் நடமாடினார்கள். அதற்குப் பதிலாக வருவது எல்லோருக்கும் கதவு திறக்கிறதா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

சரி, இந்த "பல்நோக்கு" என்ற சொல்லைக் கொஞ்சம் பார்ப்போம். திட்ட அறிக்கையில் மிகச் சுலபமாக எழுதக்கூடிய சொல் அது. கட்டுகிறவனுக்குத்தான் அதன் சிரமம் தெரியும்.

வாலிபாலுக்கு 18 மீட்டருக்கு 9 மீட்டர் கோர்ட். கூடைப்பந்துக்கு 28-க்கு 15. ஹேண்ட்பாலுக்கு 40-க்கு 20. ஆண்கள் கபடிக்கு 13-க்கு 10. கோடு போடுவது பெரிய வேலை இல்லை. உயரம்தான் பிரச்சினை. சாதாரண வாலிபால் ஆட்டத்துக்கு 7 மீட்டர் உயரம் தடையில்லாமல் இருந்தால் போதும். உலக அளவிலான போட்டி நடத்த வேண்டுமானால் 12.5 மீட்டர் வேண்டும். ஷட்டில் ஆடுகிறவர்களுக்கு வேறு கவலை. ஏ.சி. காற்று கோர்ட்டின் மேல் வீசினால் இறகுப் பந்து திசை மாறிவிடும். தலைக்கு நேர் மேலே விளக்கு இருந்தால் கண் கூசும்.

இதே அரங்கத்தில் பாட்டுக் கச்சேரி வைக்கணும் என்றால் கதை தலைகீழ். ஒலிபெருக்கி, விளக்கு எல்லாவற்றையும் டன் கணக்கில் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டும். கூரை அந்தப் பாரத்தைத் தாங்கும்படி முதலிலேயே கணக்குப் போட்டிருக்க வேண்டும். விளையாட்டுக்குக் கூட்டத்தின் இரைச்சல் எதிரொலித்தால் நல்லது. பாட்டுக்கு எதிரொலியே ஆகாது. மரத்தரை மேல் மேடையும் நாற்காலியும் போட்டால் தரை போய்விடும், அதற்குத் தனி விரிப்பு வேண்டும். ஆக, எந்த உபயோகம் முதல், எந்த உபயோகம் இரண்டாவது என்று தீர்மானிக்காமல் கட்டினால் எதற்குமே முழுசாக உதவாத கட்டடம்தான் மிஞ்சும். நம்ம ஊர்களில் அப்படிப்பட்ட கட்டடங்கள் பெரும்பாலும் கடைசியில் பொதுக்கூட்டத்துக்கும் கல்யாண வரவேற்புக்கும் போய்ச் சேருகின்றன.

பெரியமேட்டு உள்ளரங்கத்தையே பாருங்கள். 2017 அக்டோபர் 28-ஆம் தேதி புரோ கபடி இறுதி ஆட்டம் அங்கே நடந்தது. பாட்னா அணி குஜராத்தை 55-38 என்று வென்றது. 2022-ல் செஸ் ஒலிம்பியாடுக்கு 180-க்கும் மேற்பட்ட நாடுகள் வந்தன. ஆட்டம் நடந்தது மாமல்லபுரத்தில், தொடக்க விழாவும் நிறைவு விழாவும் பெரியமேட்டில். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளின் தொடக்க விழாவும் இங்கேதான். இதெல்லாம் பெருமைதான், குறை சொல்லவில்லை. ஆனால் வருஷத்துக்கு 365 நாள். விழா நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மீதி நாளில் அந்தத் தரையில் யார் ஓடுகிறார்கள் என்பதை வைத்துத்தான் ஓர் அரங்கத்தை எடை போட வேண்டும்.

அடுத்தது பணம். "அரங்கம் வந்தால் வியாபாரம் பெருகும், ஊரே மாறிவிடும்" என்று ஒரு வாதம் எப்போதும் வரும். அமெரிக்காவில் இதை நிறையப் பரீட்சித்துப் பார்த்துவிட்டார்கள். கலிபோர்னியாவின் தலைநகர் சாக்ரமெண்டோவில் கூடைப்பந்து அரங்கம் முன்பு ஊருக்கு வெளியே இருந்தது. அணி வேறு நகரத்துக்குப் போய்விடுமோ என்ற பயத்தில், நகரின் நடுவே நொடித்துப் போன ஒரு வணிக வளாகத்தை இடித்து, 2016-ல் புதிய அரங்கம் திறந்தார்கள். சுமார் 17,500 இருக்கை. செலவு 55 கோடி டாலருக்கும் மேல். அதில் நகராட்சியின் பங்கு 25.5 கோடி டாலர். பெரும்பகுதியைக் கடன் பத்திரமாக வாங்கி, வாகன நிறுத்தக் கட்டண வருமானத்திலிருந்து கட்டுவதாக ஏற்பாடு. கட்டடம் அருமையானது. பெரிய கதவுகளைத் திறந்துவிட்டால் மாலை நேர ஆற்றுக்காற்று உள்ளே வந்து குளிர்விக்கும். சுற்றிலும் கடை கண்ணிகள் வந்தன. 2020-ல் கொரோனா வந்தது. ஆட்டமும் இல்லை, வண்டி நிறுத்த ஆளும் இல்லை. கடன் தவணை மட்டும் நிற்கவில்லை.

பொருளாதார அறிஞர்கள் ரோஜர் நோலும் ஆண்ட்ரூ ஜிம்பலிஸ்டும் 1997-லேயே இது பற்றி ஒரு புத்தகம் தொகுத்தார்கள். அரங்கம் கட்ட அரசு கொட்டும் பணம் வேலை வாய்ப்பாகவும் வரியாகவும் திரும்பி வருவதில்லை என்பதுதான் அதன் சாரம். காரணம் எளிது. மாட்ச் பார்க்கச் செலவழிக்கும் ஐநூறு ரூபாய் வானத்திலிருந்து விழுவதில்லை. அந்தக் குடும்பம் சினிமாவுக்கோ ஹோட்டலுக்கோ செலவழித்திருக்கக்கூடிய ஐநூறு ரூபாய்தான். வலது பையிலிருந்து இடது பைக்கு மாறுகிறது, அவ்வளவே. எனவே லாபம் வரும் என்று சொல்லி யாரும் நம்மை மயக்க வேண்டாம். பள்ளிக்கூடம் கட்டும்போது லாபம் கேட்கிறோமா? நூலகத்துக்குக் கேட்கிறோமா? அந்த வரிசையில் வைத்து இதைக் கட்டுங்கள். அப்போது யார் உபயோகிக்கிறார்கள் என்ற கேள்வி தானாகவே முதலில் வந்து நிற்கும்.

மூன்றாவதாக, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். மாணவர்கள் இதைக் கவனமாகக் கேட்கணும்.

கூட்டம் இரண்டு மணி நேரமாகச் சிறுகச் சிறுக உள்ளே வரும். வெளியே போகும்போது ஒரே நேரத்தில் கிளம்பும். 1971 ஜனவரி 2-ஆம் தேதி, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஐப்ராக்ஸ் மைதானத்தில், ஆட்டம் முடிந்து வெளியேறும் படிக்கட்டில் 66 பேர் நசுங்கி இறந்தார்கள். அதன் பிறகு பிரிட்டனில் ஒரு பாதுகாப்புக் கையேடு வந்தது. அதன் கணக்குப்படி பார்வையாளர் பகுதியை எட்டு நிமிடத்துக்குள் காலி செய்ய முடிய வேண்டும். ஒரு மீட்டர் அகலமுள்ள சமதள வழியில் நிமிடத்துக்கு 82 பேர் போகலாம். படிக்கட்டில் 66 பேர்தான். நம்ம ஊரில் 5,000 இருக்கை போட்டால் நிமிடத்துக்கு 625 பேர் வெளியேற வேண்டும். படிக்கட்டாக இருந்தால் கிட்டத்தட்ட 9.5 மீட்டர் அகலம் தேவை. இரண்டு கேட்டைப் பூட்டிவிட்டு ஒரு கேட்டை மட்டும் திறந்துவைக்கும் நம் வழக்கத்தை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேட்டுக்கு வெளியேயும் கணக்கு இருக்கிறது. 2025 ஜூன் 4-ஆம் தேதி பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியம். ஐ.பி.எல். கோப்பை வென்ற அணிக்குப் பாராட்டு. அரங்கத்துக்கு உள்ளே இல்லை, வாசலில் நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் உங்கள் வயதுப் பிள்ளைகள். அதுவும் நகரின் நடுவில் உள்ள மைதானம், மெட்ரோ ரயில் பக்கத்திலேயே நிற்கும் மைதானம். ஊர் நடுவே இருப்பதன் பெரிய வசதி, யாரும் பஸ் ஏறி வந்துவிடலாம் என்பது. அதன் ஆபத்தும் அதுதான். எல்லோரும் வந்துவிடுவார்கள். எனவே வாசலுக்கும் சாலைக்கும் நடுவில் கூட்டம் நின்று மூச்சு விட ஒரு திறந்த வெளி இருந்தே ஆக வேண்டும். பழைய பஸ் நிலைய இடத்தில் ஒவ்வொரு அடியையும் கடையாக மாற்றி வாடகை பார்க்க ஆசைப்பட்டால் அந்த வெளி முதலில் பலியாகும்.

கடைசியாக, சாவி யாரிடம் என்ற கேள்வி. தில்லியில் தியாகராஜ் விளையாட்டரங்கம் 2010 காமன்வெல்த் போட்டிகளுக்காகக் கட்டியது. 2022 மே மாதம், அங்கே பயிற்சி செய்யும் வீரர்களை மாலை ஏழு மணிக்கெல்லாம் கிளம்பச் சொல்கிறார்கள், பிறகு ஓர் உயர் அதிகாரி தன் நாயோடு நடைப்பயிற்சி செய்கிறார் என்று செய்தி வந்தது. யாரையும் வெளியேறச் சொல்லவில்லை என்று அந்த அதிகாரி மறுத்தார். ஆனால் தில்லி அரசு உடனே, தன் விளையாட்டரங்கங்கள் எல்லாம் இரவு பத்து மணி வரை வீரர்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. பாருங்கள், கான்கிரீட்டையும் இரும்பையும் விட அந்த ஒரு வரி உத்தரவுதான் வீரனுக்குப் பயன்பட்டது.

நம்ம கல்லூரி டீம் இன்றைக்கும் மண் தரையில்தான் ஆடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை வந்தால் பயிற்சி நின்றுபோகும். பெண் பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டியிருப்பதால் மாலைப் பயிற்சியையே விட்டுவிடுகிறார்கள். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், வெளிச்சமான தெருவில், கூரை போட்ட ஒரு தரை கிடைத்தால் அவர்களில் எத்தனை பேர் தொடர்ந்து ஆடுவார்கள்! ஊருக்கு வெளியே இருபது கிலோமீட்டர் தள்ளிப் பிரம்மாண்டமாகக் கட்டினால் இந்தப் பயன் கிடைக்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் நகர் நடுவில் வேண்டும் என்கிறேன்.

ஆகவே நம் சங்கம் ஒரு மனு தயாரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதில் நான்கு கோரிக்கை போதும். ஒன்று, 8,000, 10,000 என்று ஆசைப்படாமல் இருக்கைகளை அளவாக வைத்து, தரையைப் பெரிதாக வையுங்கள். 45-க்கு 25 மீட்டர் தரை கிடைத்தால் குறுக்கே மூன்று வாலிபால் கோர்ட் போடலாம், அல்லது ஆறு ஷட்டில் கோர்ட் தாராளமாகப் போடலாம். இரண்டு, வாசலுக்கு முன் திறந்த வெளி, நான்கு பக்கமும் வழி. மூன்று, விழாவுக்கும் கூட்டத்துக்கும் வருஷத்தில் இத்தனை நாள்தான் என்று உச்ச வரம்பு. நான்கு, காலை ஐந்தரை முதல் இரவு பத்து வரை பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு நேரம் ஒதுக்கி, அந்த அட்டவணையை வாசலிலேயே ஒட்ட வேண்டும்.

பழைய மாணவர்களில் வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள், நகராட்சியில் பணியாற்றியவர்கள் இருக்கிறீர்கள், என் மாதிரி கட்டடக்காரர்கள் இருக்கிறோம். ஆளுக்கு ஒரு பக்கம் எழுதினால் மனு தயார். மாணவர்கள் கையெழுத்து வாங்கித் தாருங்கள். பந்தி முடிந்ததும் மேடைக்கு இடது பக்கம் ஒரு நோட்டு வைத்திருப்பேன். விருப்பம் உள்ளவர்கள் பெயரும் பிரிவும் ஆண்டும் எழுதிவிட்டுப் போங்கள்.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.